கடைக் கம்பனியும் விழுந்து நீங்களும் பாங்க்ரப்சிக்குப் போக வேண்டியிருந்தால்: எதை முதலில் செய்வது

நான் லண்டனின் வெளிப்பகுதி ஒன்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். பதிவில் அது ஒரு லிமிட்டெட் கம்பனி, அதற்கு நான் ஒரே டிரெக்டர், பங்குகள் எல்லாம் என் பெயரில். இரண்டாவது கடை ஒன்றை எடுத்த பிறகு இரண்டும் சேர்ந்து இறங்கத் தொடங்கின. கம்பனி ஒரு பக்கம் சாக, நான் சொந்தமாக எடுத்த கடன்கள் இன்னொரு பக்கம் கழுத்தைப் பிடிக்க, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் ஒன்பது மாதம் வீணாக்கினேன். அந்த ஒன்பது மாதத்தில் செய்த பிழைகள்தான் பிறகு கேள்வியாகத் திரும்பி வந்தன. நீங்கள் அந்த நிலையில் இருந்தால் இதை முழுதாக வாசித்துவிட்டு ஏதாவது செய்யுங்கள்.

பாங்க்ரப்சி என்றால், கடனைக் கட்ட முடியாத ஓர் ஆளின் சொந்தக் கடன்களைச் சட்டப்படி முடிக்கும் வழி. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

1. எந்தக் கடன் கம்பனியுடையது, எது உங்களுடையது என்று பிரியுங்கள்

கடைக் கடிதங்களை நான் திறப்பதை நிறுத்தி நீண்ட நாள் ஆகியிருந்தது. பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றைக் கல்லாவுக்குக் கீழே வைத்து, வரும் உறைகளை எல்லாம் அதற்குள் போட்டு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கடையைப் பூட்டிவிட்டு அந்தப் பையைத் தரையில் கொட்டி எண்ணினேன், 61 உறைகள். பாதிக்கு மேல் வரி அலுவலகத்திலிருந்து. அதே இரவில் இரண்டு தாள் எடுத்து, ஒன்றில் ‘கம்பனி’ என்றும் மற்றதில் ‘நான்’ என்றும் எழுதி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உண்மையான வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது. நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள்.

வாட், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி, கோர்ப்பரேஷன் டக்ஸ், கடை மின்சாரம், சாமான் போட்டவர்களின் பில் எல்லாம் பொதுவாகக் கம்பனி கடன். கம்பனி முடிந்தால் அதோடு அவையும் முடியும், உங்கள் வீட்டுக்கு வராது. உங்கள் பெயரில் உள்ள கிரெடிட் கார்ட், வங்கிக் கடன், கைமாற்று, உங்கள் சொந்த வருமான வரி எல்லாம் உங்களுடையவை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது, நம் ஆட்கள் விழுவது பெரும்பாலும் அதில்தான். அதுதான் பர்சனல் கரண்டி. கடை லீஸ், வங்கி ஓவர்டிராஃப்ட், மொத்தக் கடைக் கணக்கு, குளிர்பெட்டி வாடகை, இதில் எதிலாவது கம்பனிக்காகக் கையெழுத்துப் போட்டபோது அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தும் உங்கள் பெயரில் போட்டீர்களா? போட்டிருந்தால் கம்பனி விழும் நாளில் அந்தக் கடன் உங்கள் தலைக்கு வரும். ஞாபகத்தை நம்ப வேண்டாம், பழைய ஒப்பந்தங்களை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். எனக்கு லீஸுக்குக் கொடுத்தது மட்டும்தான் நினைவிருந்தது, மொத்தக் கடையின் கணக்குத் திறக்கும் படிவத்திலும் போட்டிருந்தேன்.

அப்புறம் டிரெக்டர் லோன் கணக்கு. கல்லாவில் இருந்து எடுத்த காசு, கம்பனி கார்டில் கட்டிய வீட்டுச் செலவு எல்லாம் அங்கே சேர்ந்து கிடக்கும். கணக்காளர் அதை டிவிடெண்ட், அதாவது பங்குக்கான லாபப் பணம், என்று எழுதியிருக்கலாம். ஆனால் கம்பனியில் லாபம் இருந்தால்தான் டிவிடெண்ட் எடுக்கலாம். பங்கிட லாபம் இல்லாதபோது எடுத்ததை லிக்விடேட்டர், அதாவது கம்பனியை முடித்துக் கணக்குத் தீர்ப்பவர், திருப்பிக் கேட்க முடியும், அதுவும் உங்கள் சொந்தக் கடன்தான். கணக்காளரிடம் இன்றைய தேதிக்கு அந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

கோவிட் காலத்தில் எடுத்த பவுன்ஸ் பேக் லோனுக்கு, 50,000 பவுண்ஸ் வரை கொடுத்தார்கள், பர்சனல் கரண்டி கிடையாது. அதைப் பற்றி வீணாகப் பயந்து சொந்தக் காசில் கட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காசு கடைக்குப் போகாமல் ஊரில் வீடு கட்டப் போயிருந்தால் கதை வேறு. அதை முதல் நாளே ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள்.

2. இன்றிலிருந்து செய்யக் கூடாதவை

கம்பனி இனி எழும்பாது என்று தெரிந்த நாளிலிருந்து உங்கள் ஒவ்வொரு கட்டணமும் பின்னால் பார்க்கப்படும். நான் செய்த பெரிய பிழை சீட்டு. எடுத்த சீட்டுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய மிச்சக் காசை, மானப் பிரச்சினை என்று நினைத்து, ஒரேயடியாக 4,200 பவுண்ஸாகக் கட்டி முடித்தேன், அதுவும் கம்பனிக் கணக்கில் இருந்து. அதே மாதத்தில் மாமாவுக்கும் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தேன். வரி அலுவலகத்துக்கு ஒரு சதமும் கட்டவில்லை.

சட்டம் இதை, மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டியதாகப் பார்க்கும். வெளியாருக்குக் கொடுத்ததென்றால் ஆறு மாதம், சொந்தக்காரர் அல்லது கம்பனியோடு தொடர்புள்ளவர் என்றால் இரண்டு வருடம் பின்னால் போய்ப் பார்ப்பார்கள். அந்தக் காசை மாமாவிடமே திருப்பிக் கேட்கலாம். அதாவது, மாமாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவர் வீட்டுக்கே கடிதம் போக வைக்கிறீர்கள். சீட்டுக்காரருக்கும் சொந்தக்காரருக்கும் நேரே போய் நிலைமையைச் சொல்லுங்கள், காசு கொடுக்காதீர்கள். எனக்கு மிகக் கஷ்டமான பேச்சு அது, ஆனால் மாமா நான் பயந்த அளவுக்குக் கோபப்படவில்லை.

வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவது, காரைத் தம்பிக்கு ஐந்நூறுக்கு எழுதிக் கொடுப்பது, கடைச் சாமானை நண்பரின் கடைக்கு இறக்குவது, எதுவும் வேண்டாம். உங்கள் சொந்தச் சொத்தைக் குறைந்த விலைக்கோ சும்மாவோ கொடுத்திருந்தால் ஐந்து வருடம் பின்னால் போய்க் கேட்க முடியும். திருப்பிக் கட்ட முடியாது என்று தெரிந்தே புதுக் கடன் எடுப்பதும், சாமான் கடனுக்கு இறக்குவதும் அதே வகைதான். கம்பனி மீளாது என்று தெரிந்த பிறகும் வியாபாரத்தை இழுத்துக்கொண்டு போய்க் கடனைக் கூட்டினால், அந்தக் கூடிய பங்கை உங்களிடமே சொந்தமாகக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

3. காசு கேட்காத ஆலோசனையை முதலில் எடுங்கள்

பிஸ்னஸ் டெட்லைன் என்று ஓர் இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது, சிறு வியாபாரிகளுக்கென்றே நடப்பது. ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் இரண்டும் இலவசம். ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருந்தால் பிள்ளைகளில் பெரியவரையோ நம்பிக்கையான நண்பரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நான் முதலில் போனது ஓர் இணைய விளம்பரத்தைப் பார்த்துத்தான், அவர்கள் 20 நிமிடத்தில் என்னை ஓர் ஐவிஏக்குள், அதாவது கடன்காரருடன் செய்யும் தவணை ஒப்பந்தத்துக்குள், தள்ளப் பார்த்தார்கள், மாதம் 350 கட்டு என்று. அந்தக் காசு என்னிடம் இருந்திருந்தால் நான் அவர்களைத் தேடிப் போயிருக்கவே மாட்டேன்.

மூன்று வழிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டெட் ரிலீஃப் ஓர்டர், அதாவது சிறிய சொந்தக் கடன்களைப் பாங்க்ரப்சி இல்லாமலே தள்ளுபடி செய்யும் உத்தரவு: சொந்தக் கடன் மொத்தம் 50,000 பவுண்ஸுக்குள், சொத்து 2,000க்குள், கார் 4,000க்குள், மாதச் செலவுக்குப் பிறகு கையில் 75 அல்லது அதற்குக் குறைவாக மிஞ்சினால் இது கிடைக்கும். 2024 ஏப்ரலில் இருந்து கட்டணமும் இல்லை. வாடகை வீட்டில் இருந்தால் இதைத்தான் முதலில் கேளுங்கள், நிறையப் பேர் இது தெரியாமல் பாங்க்ரப்சிக்குக் காசு சேர்க்கிறார்கள். ஐவிஏ பொதுவாக ஐந்து ஆறு வருடம் மாதத் தவணை, வீட்டைக் காப்பாற்ற வேண்டும், நிலையான வருமானமும் இருக்கிறது என்றால் யோசிக்கலாம், டிரெக்டராக இருப்பதையும் அது தானாகத் தடுக்காது. எனக்குக் கரண்டிகளும் சேர்த்து 87,000 நின்றதால் பாங்க்ரப்சிதான் மிஞ்சியது.

ஆலோசகர் ஊடாக ‘பிரீதிங் ஸ்பேஸ்’ என்று, கடன்காரர் நெருக்காமல் இருக்க 60 நாள் நிறுத்தம் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். அது சொந்தக் கடனுக்குத்தான், கம்பனிக்கு இல்லை. கடிதம் சேர்க்கவும் மூச்சு விடவும் அந்த 60 நாள் உதவும்.

4. முதலில் கம்பனி, பிறகு நீங்கள்

நான் ஒன்பது மாதம் விளங்காமல் இருந்தது இந்த வரிசைதான். பாங்க்ரப்சி உத்தரவு வந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கோர்ட் அனுமதி இல்லாமல் டிரெக்டராக நடக்க முடியாது, மறைமுகமாகவும் கம்பனியை நடத்த முடியாது. உங்கள் பங்குகளும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு கம்பனியை ஒழுங்காக மூடும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. டிரெக்டர் என்ற அதிகாரம் கையில் இருக்கும்போதே கம்பனியை முடித்துவிட்டு அடுத்து உங்கள் விண்ணப்பத்தைப் போடுங்கள்.

ஒழுங்கான வழி, கடன்காரர்களின் தன்னிச்சை லிக்விடேஷன். சுருக்கமாக சிவிஎல் என்பார்கள். கடனில் விழுந்த கம்பனிகளை முடிக்கும் தொழில்முறையாளர், லைசென்ஸ் உள்ள இன்சொல்வென்சி பிரக்டிஷனர் ஒருவர்தான், லிக்விடேட்டராக இருந்து இதைச் செய்யலாம், பங்குகளில் மதிப்பின்படி 75 சதவீதம் ஆதரவு வேண்டும். ஒரே ஆளின் கம்பனியென்றால் அது உங்கள் வாக்குத்தான். எனக்கு மூன்று பேர் சொன்ன விலை 4,000க்கும் 6,000க்கும் இடையில், அதோடு வாட். தொடங்கியதிலிருந்து தீர்மானம் நிறைவேற மூன்று வாரம் எடுத்தது. அவர்கள் கேட்டவை: மூன்று வருடக் கணக்கு, வங்கி அறிக்கைகள், வாட் கணக்கு, ஊழியர் பட்டியலும் சம்பளச் சீட்டுகளும், லீஸ், கடன்காரர் பெயர் முகவரி தொகை, கடையில் உள்ள சாமான்களின் பட்டியல். கல்லா இயந்திரத்தின் தரவைத் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள், அதை வாடகைக்குக் கொடுத்தவர் இயந்திரத்தை எடுத்துப் போனால் கணக்கும் போய்விடும்.

கட்டணத்துக்குக் காசு எங்கே என்பீர்கள். கடையில் இருக்கும் சாமான், அலமாரி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் முறையாக மதிப்பிட்டு விற்று அதிலிருந்து எடுக்கலாம். நீங்கள் சம்பளப் பட்டியலில் இருந்து, ஒப்பந்தப்படி உண்மையாகவே வேலை செய்து, இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் டிரெக்டராக இருந்தாலும் அரசாங்கத்திடம் ரிடண்டன்சிப் பணம் கேட்க உரிமை இருக்கலாம், ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஆனால் அதைச் சொல்லியே ஆள் பிடிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ‘கட்டாயம் ஒன்பதாயிரம் வரும்’ என்று எனக்கு ஒருவர் சொன்னார், என் சம்பளச் சீட்டைக் கூடப் பார்க்காமல். டிவிடெண்ட் மட்டும் எடுத்தவர்களுக்கு அது கிடைப்பது கஷ்டம்.

நம் கடைகளில் சுற்றும் மிக ஆபத்தான ஆலோசனை ‘ஸ்ட்ரைக் ஓஃப் போட்டு விடு, கம்பனீஸ் ஹவுஸே மூடிவிடும்’ என்பது. ஸ்ட்ரைக் ஓஃப் என்றால், கம்பனிகளைப் பதியும் அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸின் பதிவேட்டில் இருந்து கம்பனியின் பெயரை எடுக்க விண்ணப்பிப்பது. கடன் உள்ள கம்பனிக்கு அது பொருந்தாது. கடைசி மூன்று மாதம் வியாபாரம் நடந்திருக்கக் கூடாது, விண்ணப்பப் பிரதியை ஏழு நாளுக்குள் வரி அலுவலகம் உட்பட எல்லாக் கடன்காரருக்கும் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் அது குற்றம். அனுப்பினால் வரி அலுவலகமோ வங்கியோ மறுப்புப் போடும், எல்லாம் நின்றுவிடும். எப்படியோ மூடப்பட்டாலும் 2021இல் வந்த சட்டத்தின்படி, கலைக்கப்பட்ட கம்பனியின் டிரெக்டரையும் விசாரித்துத் தடை போட முடியும். எனக்கும் முதலில் இந்த ஆலோசனைதான் கிடைத்தது, என் கணக்காளரிடமிருந்தே.

லிக்விடேஷனுக்கு ஒரு வழியிலும் காசு புரளவில்லை என்றால், அதையே ஆலோசகரிடம் சொல்லுங்கள். கடையை நிறுத்தி, கடன்காரர் எல்லோருக்கும் எழுத்தில் அறிவித்து, புத்தகங்களைப் பத்திரமாக வைத்து, பிறகு உங்கள் விண்ணப்பத்தைப் போட்டுப் பதவி விலகுகிறவர்களும் இருக்கிறார்கள். கம்பனியைக் கடன்காரர் யாராவது கோர்ட்டில் முடிக்கலாம். அழகான வழி இல்லை, கேள்விகளும் கூட வரும், ஆனால் அதை மறைக்காமல் செய்யலாம்.

மதுபானம் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒன்று. கடை லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ, அந்தக் கம்பனி லிக்விடேஷனுக்குப் போனாலோ அந்த ஆள் பாங்க்ரப்ட் ஆனாலோ லைசென்ஸ் தானாக அற்றுப்போகும். கடையை வாங்க யாராவது இருந்தால், 28 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டால்தான் அதைக் காப்பாற்றலாம். லைசென்ஸ் இல்லாத கடைக்கு என்ன விலை வரும் என்று உங்களுக்கே தெரியும். இதை லிக்விடேட்டருக்கு நீங்களாகவே ஞாபகப்படுத்துங்கள்.

லிக்விடேட்டர் மூன்று மாதத்துக்குள் டிரெக்டரின் நடத்தையைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எல்லோரைப் பற்றியும் அனுப்புவார்கள், பயப்பட வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், புத்தகங்களைக் கொடுங்கள்.

5. பாங்க்ரப்சி விண்ணப்பம்: 680 பவுண்ஸும் ஒரு கோப்பும்

விண்ணப்பம் அரசாங்க இணையதளத்தில்தான், கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. செலவு 680 பவுண்ஸ்: 130 விண்ணப்பத்துக்கு, 550 வைப்பு. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 550 திரும்பும், 130 திரும்பாது. ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் சிறு சிறு தொகையாகக் கட்டிக்கொண்டு வரலாம், முழுதும் கட்டிய பிறகுதான் அனுப்ப முடியும். நான் நான்கு தடவையில் கட்டினேன். ‘நாங்கள் நிரப்பித் தருகிறோம், 1,500 தாருங்கள்’ என்பவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். நீங்களே நிரப்பலாம், பாதியில் சேமித்துவிட்டுப் பிறகு தொடரலாம்.

கோப்பில் என்ன வேண்டும்: ஒவ்வொரு கடன்காரரின் பெயர், முகவரி, கணக்கு எண், தொகை. கோர்ட், பெய்லிஃப் கடிதங்கள். வங்கிக் கணக்குகள் எல்லாம், மனைவியோடு சேர்ந்தவையும். சம்பளம், உதவிப் பணம், மாதச் செலவு. வீடு, கார், பென்ஷன், இன்ஷூரன்ஸ். கடந்த ஐந்து வருடத்தில் விற்றது, கொடுத்தது. கம்பனி விவரம், லிக்விடேட்டர் பெயர்.

பர்சனல் கரண்டி கொடுத்த கடன்களை, இன்னும் யாரும் உங்களிடம் கேட்காவிட்டாலும், எழுதுங்கள். நாளைக்கு வரக்கூடிய பொறுப்பும் பாங்க்ரப்சிக்குள் அடங்கும், இன்று மறந்தால் பிறகு தலையிடி. டிரெக்டர் லோன் நிலுவையில் லிக்விடேட்டரைக் கடன்காரராகப் போடுங்கள். சீட்டில் இரண்டு பக்கமும் பாருங்கள்: எடுத்த சீட்டின் மிச்சத் தவணை கடன், இன்னும் எடுக்காத சீட்டில் கட்டிய காசு சொத்து. ‘எழுத்தில் இல்லையே’ என்று விடாதீர்கள், வங்கி அறிக்கையில் மாதாமாதம் ஒரே பெயருக்குப் போன காசை அவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள்.

கோர்ட் அபராதம், மாணவர் கடன், பிள்ளைப் பராமரிப்புப் பணம், மோசடியால் வந்த கடன், இவை பாங்க்ரப்சியால் அழியாது. சேர்ந்து எடுத்த கடனில் உங்கள் பங்கு போனால், முழுத் தொகையும் மனைவி மேல் நிற்கும். அவரும் கரண்டி போட்டிருந்தால் அவருக்கும் தனியாக ஆலோசனை எடுங்கள், உங்களோடு சேர்த்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

6. அனுப்பும் நாளுக்கு முன்னால்

உத்தரவு வந்ததும் வங்கிக் கணக்குகள் முடங்கும். அதனால் அனுப்புவதற்கு முன்னரே, உங்களுக்குக் கடன் இல்லாத வங்கி ஒன்றில், பாங்க்ரப்ட் ஆனவர்களையும் வைத்துக்கொள்ளும் பேசிக் அக்கவுண்டைப் பற்றி விசாரியுங்கள், சம்பளம் அங்கே போக ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு வாரச் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் வேண்டிய அளவு காசைக் கையில் வைத்திருங்கள், எதற்கு என்று சொல்லக்கூடிய அளவாக இருக்கட்டும். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் பாங்க்ரப்சி பற்றி ஏதாவது வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவுக்கு 28 நாள் வரை எடுக்கலாம். எனக்கு ஒன்பதாவது நாள் மின்னஞ்சல் வந்தது. பெயர் அரச அறிவிப்புகள் வரும் லண்டன் கஸெட்டிலும் இணையப் பதிவேட்டிலும் வரும், யாரும் தேடிப் பார்க்கலாம். எங்கள் சனத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நானும் இரவுகள் தூங்காமல் இருந்தேன். இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

7. ஒஃபீஷியல் ரிசீவருடன் பேட்டி

ஒஃபீஷியல் ரிசீவர் என்பவர் உங்கள் பாங்க்ரப்சியைக் கையாளும் அரச அதிகாரி. இரண்டு வாரத்துக்குள் அவரிடமிருந்து கடிதம் வரும், கேள்விப் படிவம் வரலாம், பேட்டி பெரும்பாலும் தொலைபேசியில். வீட்டில் பிள்ளைகள் இருந்ததால் நான் காரைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் நிறுத்தி, கோப்பை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு பேசினேன். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும். பேட்டி எடுத்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. 4,200 பவுண்ஸ் பற்றிக் கேட்டார். சீட்டு என்றால் என்ன என்று விளக்கினேன்: இருபது பேர், மாதாமாதம் கட்டு, ஏலம், கழிவு. ‘ஆகவே அது ஒரு கடன், நீங்கள் அதை மட்டும் அடைத்திருக்கிறீர்கள்’ என்றார். ஆம் என்றேன். கம்பனிக் கணக்கில் இருந்து ஏன் என்று கேட்டார். அதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை, உண்மையைச் சொன்னேன். அந்தத் தொகை டிரெக்டர் லோனில் ஏறியது, அவ்வளவுதான். பொய் சொல்லியிருந்தால் அது நிச்சயமாக வேறு விதமாகப் போயிருக்கும்.

பேட்டிக்கு முன் கடந்த இரண்டு வருட வங்கி அறிக்கைகளில் ஆயிரத்துக்கு மேல் போன ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் என்ன காசு என்று எழுதி வையுங்கள். ‘ஞாபகம் இல்லை’ என்ற பதில் அதிகமானால் சந்தேகம் வரும்.

வருமானத்தில் நியாயமான செலவு போக மிஞ்சினால், மாதத் தவணை ஒன்று மூன்று வருடம் வரை வைக்கலாம். பிள்ளைகளின் செலவு, வேலைக்குப் போகும் செலவு எல்லாவற்றையும் சரியாகக் காட்டுங்கள். அரச உதவிப் பணத்தில் மட்டும் வாழ்ந்தால் தவணை இல்லை.

8. வீடு, நகை, ஊர்க் காணி

வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு ஒஃபீஷியல் ரிசீவர் கைக்குப் போகும், அதைப் பற்றி நடவடிக்கை எடுக்கப் பொதுவாக மூன்று வருடம் அவகாசம். அந்தப் பங்கை மனைவியோ சொந்தக்காரரோ விலை கொடுத்து வாங்கலாம். வீட்டின் விலை மோர்ட்கேஜை விடப் பெரிதாகக் கூடாத நேரத்தில், சீக்கிரமாகவே கேட்டு முடிப்பது மலிவு. விலை ஏறும்வரை காத்திருந்தால் உங்களுக்குத்தான் நட்டம். அங்கீகரிக்கப்பட்ட பென்ஷன் பொதுவாகத் தப்பும். வேலைக்கு வேண்டிய கருவிகள், வீட்டுச் சாமான்கள் உங்களிடம் இருக்கும்.

மனைவியின் தாலிக் கொடியும் அவர் கொண்டுவந்த நகையும் அவருடையவை, பாங்க்ரப்சி உங்களுக்கு மட்டும்தானே. ஆனால் கடை லாபத்தில் நீங்கள் வாங்கி வைத்த பவுன் காசுகளை அவருடையது என்று சொல்ல வேண்டாம்.

ஊர்க் காணி. இதைப் பற்றி நம் ஆட்களுக்குள் ‘அவர்களுக்கு எப்படித் தெரியும்’ என்றொரு பேச்சு இருக்கிறது. சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் அது கணக்கில் சேரும். சுன்னாகத்தில் உங்கள் பெயரில் உறுதி உள்ள இரண்டு பரப்பும் சேரும், எழுதுங்கள். மறைப்பது குற்றம், ஒரு வருடத்தில் முடிய வேண்டியதை அது வருடக்கணக்கில் இழுக்கும். மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்த காணி அவர் பெயரில் இருந்தால் அது அவருடையது. பாங்க்ரப்ட் நிலை நீடிக்கும் காலத்தில் அப்பா காலமாகி முதுசம் வந்தால், அதையும் 21 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், அதுவும் அவர்களுக்குப் போகலாம். பெற்றோர் வயதானவர்கள் என்றால் உயில் எழுதும் முன் இதை லோயரிடம் பேசச் சொல்லுங்கள்.

9. பாங்க்ரப்ட் ஆக இருக்கும் அந்த ஒரு வருடம்

டிரெக்டர் பதவியில் இருந்து நீங்கியதைக் கம்பனீஸ் ஹவுஸுக்கு 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பல கம்பனிகளின் விதிகளில், பாங்க்ரப்சி உத்தரவோடு பதவி தானாகப் போகும் என்றே இருக்கும், ஆனாலும் பதிவில் பெயர் அப்படியே நிற்கும். நான் லிக்விடேட்டரிடம் கேட்டு அறிவிப்பைப் போட்டேன். வேறு கம்பனிகளில், கோயில் அறக்கட்டளைக் கம்பனியில், பழைய மாணவர் சங்கக் கம்பனியில் எங்காவது டிரெக்டராகப் பெயர் கிடக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். எனக்கு ஒன்று கிடந்தது.

‘மனைவி பெயரில் புதுக் கம்பனி திற, நீ பின்னால் நின்று நடத்து’ என்று ஒருவராவது சொல்வார். அதைச் செய்ய வேண்டாம். பின்னால் நின்று நடத்துவதும் நடத்துவதுதான், இரண்டு வருடம் வரை சிறை உண்டு, புதுக் கம்பனியின் கடனும் உங்கள் சொந்தத் தலையில் விழும், சொன்னபடி கையெழுத்துப் போட்ட மனைவியும் மாட்டுவார். அவர் உண்மையாகவே தன் வியாபாரத்தை நடத்தினால் அது வேறு விஷயம், நீங்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யலாம், ஆனால் வங்கி, சாமான், ஆள் எடுப்பது எல்லாவற்றையும் முடிவு செய்வது அவராக இருக்க வேண்டும். பழைய கடையின் பெயரையோ அதைப் போன்ற பெயரையோ ஐந்து வருடத்துக்குப் பயன்படுத்துவதற்கும் தடை இருக்கிறது. கம்பனியின் பதிவுப் பெயர் மட்டுமில்லை, பலகையில் இருந்த பெயரும் அதில் அடங்கும்.

டாக்சி ஓட்டுவது, டெலிவரி, தனி ஆளாகத் தொழில் செய்வது, இன்னொருவரிடம் வேலை, எல்லாம் முடியும். தொழில் பெயர் வேறென்றால் நீங்கள் பாங்க்ரப்ட் ஆன பெயரைச் சொல்ல வேண்டும். 500 பவுண்ஸும் அதற்கு மேலும் கடன் எடுத்தால் நிலைமையைச் சொல்லித்தான் எடுக்கலாம். பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருப்பவர்கள், நன்னடத்தைப் பகுதியில் பாங்க்ரப்சியையும் பார்ப்பார்கள் என்பதால், முதலில் குடிவரவு லோயரிடம் பேசுங்கள்.

ஒழுங்காக ஒத்துழைத்தால் பொதுவாக 12 மாதத்தில் பாங்க்ரப்சியில் இருந்து விடுதலை. மறைத்தால், ஒளித்தால், இரண்டிலிருந்து பதினைந்து வருடம் வரை கட்டுப்பாடுகளை நீட்டலாம். டிரெக்டர் தடையும் தனியாக அதே இரண்டிலிருந்து பதினைந்துவரை வரலாம்.

10. விடுதலை வந்த பிறகு

தானாகவே வரும், வாழ்த்துக் கடிதம் ஒன்றும் வராது. பாங்க்ரப்சிகளைக் கவனிக்கும் அரச அமைப்பான இன்சொல்வென்சி சேர்விஸிடம் விடுதலை உறுதிக் கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள். பதிவேட்டில் இருந்து பெயர் விடுதலைக்கு மூன்று மாதத்தின் பின் எடுபடும். கடன் வரலாற்றில் உத்தரவுத் தேதியிலிருந்து ஆறு வருடம் நிற்கும்.

கடன் வரலாற்றை வைத்திருக்கும் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் உங்கள் அறிக்கையை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். பாங்க்ரப்சிக்குள் போன ஒவ்வொரு கடனும் நிலுவை பூச்சியமாக இருக்க வேண்டும், தவணை தவறியதாகப் பதிந்த தேதி பாங்க்ரப்சி உத்தரவுத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. பிந்தியிருந்தால் அந்தக் கடன் ஆறு வருடத்துக்கு மேலும் தொங்கும். என் அறிக்கையில் ஒரு கார்டு நிறுவனம் தேதியை ஏழு மாதம் தள்ளிப் போட்டிருந்தது. உத்தரவின் பிரதியை வைத்து ஒரு கடிதம் எழுதினேன், ஐந்தாவது வாரத்தில் திருத்தினார்கள்.